வெட்டாமல் அனுப்பு

சுவா சூ காங்
3 பிப்ரவரி 2024

அன்புள்ள சிதம்பரம் அண்ணனுக்கு,

வெங்கட் எழுதுவது. இங்கே நானும் சங்கீதாவும் ரோஷினியும் நலம். பெர்த்தில் வெயில் நாற்பதைத் தாண்டிவிட்டது என்று செய்தியில் காட்டினார்கள். வெளியே அதிகம் அலையாதீர்கள். மாத்திரையை வேளை தவறாமல் எடுக்கிறீர்களா?

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, குரல் பதிவு அனுப்பினால் கேட்பதில்லை. நாள் முழுக்க ஹெட்ஃபோனோடு வேலை செய்கிறவருக்கு வீட்டிலும் ஒரு குரலா என்று சங்கீதா உங்கள் பக்கம் பேசுகிறாள். அதனால் மின்னஞ்சல்.

சித்தி மகன் என்ற உரிமையில் ஒரு யோசனை கேட்கிறேன். பதினைந்து வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்த என் எலக்ட்ரிக் கிட்டாரை எடுத்துத் துடைத்து நரம்பு மாற்றியிருக்கிறேன். துவாஸ் தொழிற்பேட்டையில் காலை ஏழு மணிக்கு ஹெல்மெட் போட்டால் மாலை ஆறுக்குத்தான் கழற்றுகிறேன். வீட்டுக்கு வந்து அரை மணி நேரமாவது எனக்கென்று ஒன்று வேண்டும் போலிருக்கிறது. பெரிய ஒலிபெருக்கியை வைத்து வாசித்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு யாக்கூப் கதவைத் தட்டி, "பிரதர், நல்லாத்தான் வாசிக்கிறீங்க, ஆனா என் சின்னது தூங்க மாட்டேங்குது லா" என்றார்.

டேப்லெட்டில் ஒரு செயலியைப் போட்டு, நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்துக் கிட்டாரை இணைத்தால், ஹெட்ஃபோனில் நமக்கு மட்டும் கேட்குமாம். சிட்டி ஹால் பக்கம் கடைகளில் ஏறி இறங்கினேன். கட்டைவிரல் அளவில் ஒன்று வைத்திருக்கிறார்கள், செங்கல் அளவில் ஒன்று வைத்திருக்கிறார்கள். விற்கிற பையன் சொன்னதில் பாதி புரியவில்லை. எதை வாங்க?

தைப்பூசத்தன்று விசாலாட்சி அக்காவைக் கூட்டத்தில் பார்த்தேன். இளைத்திருக்கிறார். உங்களைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதிலை எதிர்பார்த்து,
தம்பி வெங்கட்

*

பெர்த்
11 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி வெங்கட்டுக்கு,

நலம். மாத்திரையும் தவறவில்லை. கடைசியாக வலிப்பு வந்து நான்கு வருடமாகிறது. டாக்டருக்கே ஆச்சரியம். சங்கீதாவையும் ரோஷினியையும் கேட்டதாகச் சொல்.

பெட்டி விஷயம். கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொள். உன் டேப்லெட்டின் துளை எந்த வகை? கிட்டாருக்கு மட்டுமா, பாட்டுக்கும் வேண்டுமா? உட்கார்ந்த இடத்தில் வாசிப்பாயா, தூக்கிக்கொண்டு போவாயா? கிட்டாருக்கு மட்டும் என்றால் ஒற்றை உள்ளீடு போதும். ஆனால் அந்த உள்ளீட்டில் கிட்டார் படம் போட்ட பொத்தான் இருக்கிறதா பார். அது இல்லாமல் சொருகினால் கிட்டார் சளி பிடித்தவன் மாதிரிப் பேசும். ஹெட்ஃபோன் துளை பெட்டியிலேயே இருக்க வேண்டும். நரம்பைத் தொட்டதற்கும் காதில் விழுவதற்கும் இடையே தாமதம் தெரிந்தால் வாசிக்கவே மனம் வராது. அதனால் கடையில் வைத்து வாசித்துப் பார்க்காமல் வாங்காதே. விலை கூடினால் நல்லது என்று எண்ணாதே.

அக்காவைப் பற்றி எழுதாதே என்று முன்பே சொல்லியிருக்கிறேன். எனக்கு வலிப்பு இருப்பது அப்போது வீட்டுக்கு வெளியே உன் ஒருவனுக்குத்தான் தெரியும். மோகனப்பிரியாவிடம் நானே என் வாயால் சொல்ல நினைத்திருந்தேன். நாள்கூடக் குறித்திருந்தேன். அதற்குள் அவள் அப்பா சுந்தரேசனிடம் விஷயம் போய், நிச்சயம் செய்த கல்யாணம் நின்றது. "உங்க வீட்டு ஆளே சொன்னாங்க" என்று அவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா" என்று அந்த வாரம் முழுக்க என்னை நச்சரித்தவள் கூடப் பிறந்த அக்கா. வேறு யார் இருக்க முடியும்? பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அம்மாவின் காரியத்துக்கு வந்தபோது மண்டாய் தகனச்சாலையில் பக்கத்தில் நின்றோம். பேசவில்லை. இனியும் பேசுவதற்கில்லை.

நான் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிய அன்று சாங்கி விமான நிலையம் வரை வந்து என்னை வழியனுப்பியவன் நீ ஒருவன்தான். அதை மறக்க மாட்டேன்.

அன்புடன்,
சிதம்பரம்

*

சுவா சூ காங்
2 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு வருடமாக வலிப்பு இல்லை என்று படித்ததும் சங்கீதா சாமிக்கு ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றினாள். இங்கே எல்லோரும் சுகம்.

உங்கள் பேச்சைப் பாதிதான் கேட்டேன், திட்டாதீர்கள். ரோஷினி பள்ளியில் பாட்டுப் போட்டிக்குச் சேர்ந்திருக்கிறாள். அதனால் இரண்டு உள்ளீடு உள்ள பெட்டியாக வாங்கிவிட்டேன். மைக்கும் ஹெட்ஃபோனும் சேர்ந்த செட். கிட்டார் படம் போட்ட பொத்தான் இருக்கிறது. கடையில் வாசித்துப் பார்த்தேன், தாமதம் தெரியவில்லை. எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், குழந்தையைக் கொண்டு வருவது போல.

வீட்டில்தான் வினை. மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பொத்தானை அழுத்தினால், மின்சாரம் போதவில்லை என்று டேப்லெட் அடம் பிடிக்கிறது. நடுவில் ஒரு இணைப்பான் வாங்கி, அதில் சார்ஜரைச் சொருகினேன். வேலை செய்கிறது. ஆனால் ஹெட்ஃபோனில் ஒரு ரீங்காரம், தேனடைக்குள் தலையை விட்டது போல. கடைக்காரன், "வீட்டு வயரிங்காக இருக்கும் அங்கிள்" என்கிறான். அங்கிள் என்றது வேறு வலிக்கிறது.

என்ன செய்ய?

மற்றதெல்லாம் பழைய கதை அண்ணே. விட்டுவிடுங்கள். நினைத்து நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெங்கட்

*

பெர்த்
9 மார்ச் 2024

அன்புத் தம்பி,

நலம், நலமறிய ஆவல்.

ரீங்காரத்தை எழுத்தில் கேட்க முடியாது. டேப்லெட்டிலேயே பதிவு செய்து அனுப்பு. கிட்டார் ஒரு தடத்திலும் மைக் இன்னொரு தடத்திலும் இருக்கட்டும், இரண்டையும் கலக்காதே. சார்ஜரும் மைக் பொத்தானும் இல்லாமல் கொஞ்சம் வாசி, இரண்டையும் போட்டுக் கொஞ்சம் வாசி. பிறகு கையை எடுத்துவிட்டுச் சும்மா இரு. அந்தச் சும்மாதான் எனக்கு முக்கியம். முன்னும் பின்னும் அழகு பார்க்காதே. வெட்டாமல் அனுப்பு.

இங்கே என் பிழைப்பே அதுதான். யாரோ புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்கிறார்கள். அவர்கள் மூச்சு வாங்குவதையும், நாற்காலி முனகுவதையும், எச்சில் விழுங்குவதையும் நான் வெட்டி எறிகிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அடுத்தவர் மௌனத்தைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் சிங்கப்பூரிலேயே ஒருவன்கூட இருக்க மாட்டான்.

ஒரு செய்தி. டிசம்பரில் இரண்டு வாரம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். அம்மா போன பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. உன் வீட்டில் தங்கிக்கொள்ளலாமா? கூடத்தில் ஒரு பாய் போதும்.

சிதம்பரம்

*

சுவா சூ காங்
17 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பாய் எதற்கு, ரோஷினி தன் அறையையே தருகிறாளாம். அவள் வரைந்த படங்களைச் சுவரிலிருந்து எடுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. வாருங்கள் அண்ணே. ஃபேரர் பார்க்கில் நாம் வழக்கமாகச் சாப்பிடும் கடை இப்போது குளிர்சாதனம் எல்லாம் போட்டு ஆளே மாறிவிட்டது. பரோட்டா மட்டும் மாறவில்லை.

நீங்கள் சொன்னபடியே பதிவு செய்திருக்கிறேன். முதலில் சார்ஜர் இல்லாமல், பிறகு சார்ஜரும் மைக்குமாக, அதன் பிறகு சும்மா. கல்யாண வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் நாம் வாசிப்போமே, அந்த மெட்டைத்தான் வாசித்தேன். விரல் நடுங்குவதைக் கண்டுகொள்ளாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே எல்ஆர்டி ரயில் போகிற சத்தம் இருக்கலாம், அதையும்தான்.

கோப்பு கொஞ்சம் பெரிது. இணைப்பை அழுத்தி இறக்கிக்கொள்ளுங்கள். வெட்டவே இல்லை.

உங்கள் தம்பி,
வெங்கட்

*

சுவா சூ காங்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே நாங்கள் நலம். கோவிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். சங்கீதா மாங்காய்ப் பச்சடி செய்திருக்கிறாள்.

நான்கு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வேலைக்கு வருகிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் உயிர் வந்தது. கோப்பு வந்து சேர்ந்ததா? திறக்கவில்லை என்றால் மறுபடி அனுப்புகிறேன். அவசரமில்லை. நீங்கள் நலம் என்று ஒரு சொல் போதும்.

ரோஷினி போட்டியில் இரண்டாவதாக வந்தாள்.

வெங்கட்

*

பெர்த்
28 ஏப்ரல் 2024

வெங்கட்டுக்கு,

கோப்பு மார்ச் பதினேழாம் தேதியே வந்துவிட்டது.

ரீங்காரம் சார்ஜரிலிருந்து வருகிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் இணைப்பான் வழியாகப் பெட்டிக்குள் கசிகிறது. சார்ஜருக்குப் பதில் பவர் பேங்க் ஒன்றைச் சொருகு, நின்றுவிடும். கிட்டார் மட்டும் வாசிக்கும்போது மைக் பொத்தானை அணைத்து வை. டேப்லெட்டிலிருந்து ஓரடி தள்ளி உட்கார். வீட்டு வயரிங்கில் கோளாறு இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மோகனப்பிரியாவின் அப்பா சுந்தரேசனை நீ எப்போதாவது தனியாகச் சந்தித்திருக்கிறாயா?

சிதம்பரம்

*

சுவா சூ காங்
5 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. சுகம்தானே? பவர் பேங்க் போட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ரீங்காரம் சுத்தமாக நின்றுவிட்டது. சங்கீதாவுக்கும் ஹெட்ஃபோனை மாட்டிக் காட்டினேன். கடைக்காரனிடம் போய், "என் அண்ணன் ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துகொண்டே கண்டுபிடித்துவிட்டார்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் இல்லையென்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

சுந்தரேசன் சாரையா? நிச்சயதார்த்தத்தன்று பார்த்ததோடு சரி. அதுவும் கூட்டத்தில். ஏன் திடீரென்று? அவர் இறந்து மூன்று வருடமாகிறது. மோகனப்பிரியா குடும்பத்தோடு ஜோகூரில் இருப்பதாகக் கேள்வி. எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டிசம்பரில் எந்தத் தேதி என்று முடிவானதும் எழுதுங்கள். விமான நிலையத்துக்கு நானே வருகிறேன்.

வெங்கட்

*

பெர்த்
19 மே 2024

வெங்கட்டுக்கு,

இரண்டு வாரம் இந்தக் கடிதத்தை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதற்காகத்தான் கேட்டேன்.

நீ பதிவை நிறுத்த மறந்துவிட்டாய். ஆறு நிமிடத்தில் உன் வாசிப்பு முடிகிறது. கோப்பு பதினோரு நிமிடம் ஓடுகிறது. கிட்டாரை நீ கீழே வைக்கும் சத்தம் ஒரு தடத்தில். இன்னொரு தடத்தில் மைக் திறந்தே இருக்கிறது. நாற்காலி நகர்கிறது. ரயில் போகிறது. கோப்பையில் கரண்டி சுற்றுகிறது. பழக்கதோஷம், வெட்டி எறிய என் கை தானாகவே போனது. அப்போதுதான் சங்கீதாவின் குரல்.

"அண்ணனுக்கா அனுப்பப் போறீங்க?"

"ஆமா. டிசம்பர்ல வர்றாரு. நம்ம வீட்லதான் தங்கப் போறாரு."

"எப்படிங்க அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவீங்க? சுந்தரேசன் சார்கிட்ட சொன்னது நீங்கதான்னு ஒரு நாள் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? அக்காதான்னு அவரே முடிவு பண்ணிட்டாரு லா. பன்னெண்டு வருஷம் ஆச்சு. இப்பப் போய் எதுக்கு?"

"விசா அக்கா பாவம் இல்லையா?"

அதற்கு நீ பதில் சொல்லவில்லை. நான்கு விநாடி. பிறகு, "காப்பி ஆறுது" என்றாய்.

எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. முதலில் குரல் உன்னுடையதுதானா என்று கேட்டேன். பிறகு அந்த நான்கு விநாடிக்குள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சத்தத்தை ஏற்றி, இரைச்சலைக் கழித்து, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். ஒரு பெருமூச்சாவது இருக்காதா என்று. ஒன்றும் இல்லை.

நீ சொன்னதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். வாய் தவறியிருக்கலாம். பயந்திருக்கலாம். ஆனால் சாங்கியில் நாம் நின்றது நினைவிருக்கிறதா? பெட்டியை எடைபோட வரிசையில் நின்றோம். "கூடப் பிறந்தவளே இப்படிப் பண்ணிட்டாளேடா" என்று நான் அழுதேன். நீ என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். "விடுங்கண்ணே. அக்காவே இப்படின்னா யாரைத்தான் நம்புறது?" என்றாய். அந்தக் கையைத்தான் பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் துணையாக வைத்திருந்தேன்.

உன் வீட்டுக்கு நான் வரவில்லை. ரோஷினியிடம் ஏதாவது காரணம் சொல்லிக்கொள். பொய் சொல்ல உனக்குத் தெரியும்.

சிதம்பரம்

*

சுவா சூ காங்
30 ஜூன் 2024

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நலமாக இருங்கள்.

அந்தக் கோப்பை நானும் கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சங்கீதா ஒரு மாதமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

அது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை நீங்கள் மோகனப்பிரியாவை வெளியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள்தான் என்னிடம் சொல்லியிருந்தீர்கள். வேலை முடிந்து வரும்போது சுந்தரேசன் சார் போன் செய்தார். "தம்பி, ஒரு கோப்பி குடிக்கலாமா?" என்றார். சிராங்கூன் ரோட்டில் மூன்று துணிக்கடை வைத்திருந்தவர், அதுவரை என் வணக்கத்துக்குத் திரும்பி வணக்கம் சொன்னதில்லை. ஃபேரர் பார்க் ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக்கடையில் எனக்காகக் காத்திருந்தார். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயசு ஆகுது. கம்பெனி கார் கொடுக்கிறேன்னு சொல்லியும் வேணாங்கிறாராம். லைசென்ஸே எடுக்கலையாமே, ஏன் தம்பி?" என்று கேட்டார்.

சிங்கப்பூரில் பாதிப் பேரிடம் லைசென்ஸ் இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். அவரையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் அது வரவில்லை. "சின்ன வயசுலேர்ந்து வலிப்பு இருக்கு சார். இப்ப மருந்துல கட்டுப்பாட்டுல இருக்கு" என்றேன். அவர் கோப்பியைக் குடித்து முடித்தார். பிறகு என் தோளைத் தட்டி, "நல்ல பையன்பா நீ" என்றார்.

ஒரு பெண்ணின் வாழ்க்கை, அதனால் சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சனிக்கிழமை எப்படியும் அவளுக்குத் தெரிந்திருக்கும். பெரிய மனிதர் ஒருவர் என்னை ஒரு பொருட்டாக மதித்துக் கேட்டார். அந்தப் பத்து நிமிடம் நான் முக்கியமான ஆளாக இருந்தேன். அவ்வளவுதான் அண்ணே. எனக்கு அதில் வேறு ஒரு லாபமும் இல்லை. லாபத்துக்காகச் செய்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருக்காது.

நீங்கள் அக்காவைச் சொன்னபோது மறுத்துப் பேசத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் அழுதீர்கள். அப்படியே விட்டுவிட்டேன். ஒரு வாரம் போனது, ஒரு வருடம் போனது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பெட்டியைத் திருப்பி அதன் அட்டையிலேயே வைத்துவிட்டேன். என்னால் வாசிக்க முடியவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு வரி திட்டியாவது எழுதுங்கள்.

வெங்கட்

*

பெர்த்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சிதம்பரம் எழுதுவது. உன் மின்னஞ்சல் முகவரி என்னிடம் இல்லை. அம்மா இருந்த தோ பாயோ வீட்டிலேயே இன்னும் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தபாலில் அனுப்புகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இளைத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். நான் நலம். வலிப்பு வந்து நான்கு வருடத்துக்கு மேலாகிறது.

மோகனப்பிரியா வீட்டில் சொன்னது வெங்கட். நீ இல்லை. இந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதை நேரில் சொல்கிறேன். அவனே ஒப்புக்கொண்டு எழுதிவிட்டான். அந்தக் கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், படித்துக்கொள். அவனுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதுவேன் என்றும் தோன்றவில்லை.

நீ எனக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். உறையின் மேல் என் கையாலேயே 'வேண்டாம்' என்று எழுதினேன். அம்மாவின் காரியத்தன்று உனக்கு மயக்கம் வந்தபோது யாரோ ஒரு பெண்தான் உன்னைத் தாங்கிப் பிடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை அக்கா. நவம்பர் கடைசியில் ஒரு வாரம் வருகிறேன். ஃபேரர் பார்க்கில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறேன். உன்னைப் பார்க்க அனுமதி உண்டா?

சிதம்பரம்

*

தோ பாயோ
22 செப்டம்பர் 2024

சிதம்பரத்துக்கு,

உன் கடிதம் ஜூலையிலேயே வந்தது. இரண்டு மாதம் மேசை மேலேயே கிடந்தது. வார்டில் வேலை அதிகம் என்று ஒரு சாக்கு. உனக்கு 'வேண்டாம்' என்று எழுதித் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தது இன்னொரு காரணம். உறையை எடுத்துப் பேனாவையும் திறந்தேன். கை வரவில்லை.

நான் நலம். சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது. இளைத்தது அதனால்தான்.

வெங்கட்டின் கடிதத்தைப் படித்தேன். உன்னிடம் அவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறான். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. போன மாதம் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்தான். என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மீன் கடைகள் பக்கம் திரும்பிவிட்டான். சங்கீதாதான் மறுநாள் தனியாக வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். அவள் என்ன செய்வாள்?

அவன் செய்தது துரோகம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் என் பெயரைச் சொல்லவில்லை, சிதம்பரம். என் பெயரைச் சொன்னது நீ. அவன் தலையைத்தான் ஆட்டினான்.

அன்று நீ வீட்டுக்கு வந்து கத்தினாய். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாய். "நீ சொல்லு, இல்லாட்டி நான் சொல்றேன்" என்று உன்னை மிரட்டினேன்தான். உனக்குத் துணிச்சல் வரட்டும் என்று மிரட்டினேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள், வலிப்பு வந்தால் உன் வாய்க்குள் கரண்டி வைக்கக் கூடாது, பக்கவாட்டில் படுக்க வை என்று பதினாறு வயதில் கற்றுக்கொண்டு நர்ஸ் வேலைக்கே போனவள், உன்னைக் காட்டிக்கொடுப்பேனா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லையே நீ.

நீ அத்தனை உறுதியாகச் சொன்னதில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது, தெரியுமா? மோகனப்பிரியாவின் அம்மாவோடு ஒரு தடவை பேருந்தில் பேசிக்கொண்டு வந்தேன். அப்போது என்னையும் அறியாமல் ஏதாவது உளறிவிட்டேனோ என்று அந்தப் பேச்சை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு வருடம் அப்படிப் போனது. அம்மாவும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். அவள் அந்தப் பார்வையோடேயே போய்விட்டாள். அதை நீ வந்தாலும் மாற்ற முடியாது, வெங்கட் வந்தாலும் முடியாது.

நவம்பரில் வா. என் வீட்டில் தங்கச் சொல்ல இன்னும் எனக்கு மனம் வரவில்லை, ஹோட்டலிலேயே இரு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. பகலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. மீன் வேண்டுமா, கோழி வேண்டுமா என்று முன்னாடியே எழுது.

உள்ளே வந்ததும் மன்னிப்பு, கால் என்று ஆரம்பிக்காதே. உட்கார். தண்ணீர் குடி. பிறகு அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதைக் கேள். "அக்கா, நீயா சொன்ன?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேள். எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

விசாலாட்சி